கட்டில் கம்பியில் ஒரு ஸ்பூன்

அத்தியாயம் 17

ராஜினாமாக் கடிதத்தில் மொத்தம் ஐந்து வரிகள். அதில் மூன்று வரி அவள் கணவன் சொல்லிக் கொடுத்தவை.

"'குடும்பச் சூழ்நிலை காரணமாக'ன்னு போடு" என்றான், வாயில் பிரஷ்ஷோடு. "'உடல்நிலை'ன்னு போட்டா யாருக்கு, என்னன்னு துருவுவாங்க."

"போட்டாச்சு."

"கடைசியில ஒரு நன்றியும் போடு. ஒம்பது மாசம் உன் இடத்துல யாரையும் போடாம வெச்சிருந்தாங்கல்ல. பெரிய விஷயம்."

பெரிய விஷயம்தான். அதைத் தூக்கிக் கொடுக்கச் சொல்வது மட்டும் இவனுக்குச் சின்ன விஷயமாக இருக்கிறது. நன்றியும் போட்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஏழு மணிக்கே யாராவது எங்காவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவனுக்கு போன் செய்வார்கள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அந்தப் பை வழக்கமாகக் கிடக்கும் இடம், அவன் அம்மாவின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள குறுகிய நடை. ஒரு ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பையைத் தாண்டுவது எப்படி என்று அவளைக் கேட்டால் தெரியும். ஓரமாக வையுங்கள் என்று ஒன்பது மாதமாகச் சொல்கிறாள். ஒன்பது மாதமாக அது அங்கேயேதான் கிடக்கிறது.

அக்கம்பக்கத்தில் அவளை எக்ஸ்ரேக்காரி என்பார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் எலும்புப் படம் எடுத்தவள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோது அந்தப் படத்தை எடுத்ததும் அவள்தான். மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துவிட்டு எடுத்த படத்தில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. "இனிமே நடக்கலாமே" என்றார் டாக்டர். மாமியார் முகத்தைச் சுளித்தார். எக்ஸ்ரேக்காரிதான் குறுக்கே புகுந்து பேசினாள்.

"எலும்பைத்தான் டாக்டர் படம் எடுக்க முடியும். வலியைப் படம் எடுக்க முடியாது."

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவள் சொல்லித் தரும் முதல் பாடம் அது. டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மாமியார் மறுபடி கட்டிலுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் போன வாரமே போனில் சொல்லிவிட்டார். "புதன்கிழமை அஞ்சு மணி. வந்து சேர்ற பாரத்துல கையெழுத்துப் போடு, இல்லன்னா லெட்டரைக் குடு. அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது."

இன்று புதன்கிழமை.

நேற்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "அத்தை, பிடிக்காம ரெண்டு அடி வெச்சுப் பாக்குறீங்களா?" மாமியார் ஒன்றரை அடி வைத்தார். பிறகு அவள் தோளில் மொத்தமாகச் சரிந்து, "என்னை விட்டுடும்மா, என்னை விட்டுடும்மா" என்று அழுதார். வலி வரும்போதெல்லாம் அவர் சொல்வது அதுதான். அதோடு பேச்சு முடிந்தது.

பத்து மணிக்குக் கிளம்பும்போது தண்ணீர், போன், மாத்திரை, கழிப்பு நாற்காலி எல்லாவற்றையும் கட்டிலோரம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். ஸ்பூனையும் வைத்தாள். அந்த வீட்டின் மணி அதுதான். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் குளியலறை. ஒரே தட்டு என்றால் சும்மா வா.

"சீக்கிரம் வந்துடுவியா?"

"ஒரு மணிக்குள்ள வந்துடுவேன் அத்தை. லெட்டரைக் குடுத்துட்டு வர்றதுதான்."

"என்னால உனக்கு எவ்வளவு கஷ்டம் பாரு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை."

வாசலில் செருப்பை மாட்டும்போது, மேசை மேல் நாத்தனாரின் மூக்குக் கண்ணாடி கண்ணில் பட்டது. அது இல்லாவிட்டால் வகுப்பில் பலகையில் தான் எழுதுவது அவருக்கே தெரியாது. போகிற வழிதானே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

நாத்தனார், லிஃப்ட்காரனின் அக்கா, ஒரு டயர் கடையின் மாடியில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. தனிக்கட்டை. தம்பி வீட்டில்தான் இருக்கிறார்.

மிஸ் இலக்கணம் நடத்த மாட்டார். ஆங்கிலப் பேச்சில் புழங்கும் சொற்றொடர்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் சமையலறைத் தொடர்கள், ஒரு வாரம் உடம்புத் தொடர்கள், ஒரு வாரம் மிருகங்கள். இது நாடக வாரம். மேடையிலும் திரைக்குப் பின்னாலும் பிறந்து, இன்று அலுவலகத்திலும் போனிலும் எல்லோரும் சொல்லும் தொடர்கள்.

ஒவ்வொரு தொடருக்கும் ஒரு சின்னக் காட்சியைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். ஒருவர் சீட்டை எடுத்து நடிக்க வேண்டும். மற்றவர்கள் அது எந்தத் தொடர் என்று கண்டுபிடிக்க வேண்டும். சீட்டு எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கற்பனை உதாரணம் ஆறிப்போன டீ, நடந்ததை எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பார்.

எக்ஸ்ரேக்காரி மாடி ஏறியபோது மிஸ் அங்கே இல்லை. எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். ஒரு டாக்ஸி டிரைவர், பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் பெண், ஒரு வங்கிக் காவலாளி, இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"வாங்கக்கா, புது அட்மிஷனா?" என்றார் டாக்ஸி டிரைவர்.

"இல்லைங்க. மிஸ்ஸோட கண்ணாடி. குடுத்துட்டுப் போகலாம்னு."

"பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க. அதுக்குள்ள ஒரு உதவி பண்ணுங்க. என் சீட்டுக்கு ஒரு மருமக வேணும். இந்தப் பொண்ணு வரமாட்டேங்குது."

"ரெண்டு தடவை நடிச்சாச்சு அண்ணே" என்றாள் வரவேற்புப் பெண். "போன சீட்டுல என்னைக் கிழவியாக்கிட்டீங்க."

"எனக்கு நடிக்கல்லாம் வராது" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"யாருக்கு வருது? நான் மாமியார். நான் தட்டுவேன். நீங்க வந்து தூக்கி நிறுத்தணும். அவ்வளவுதான் கதை."

அவர் பெஞ்சில் மல்லாந்து படுத்தார். தொப்பை மேல் ஒரு கைக்குட்டையைப் போர்வையாக விரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பேனாவை எடுத்து பெஞ்சின் இரும்புக் காலில் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது தட்டில் அவள் கால் தானாக நகர்ந்தது. அவளுக்கே அது விநோதமாக இருந்தது. போய்க் குனிந்தாள். இடது கையை அவர் அக்குளுக்கு அடியில் கொடுத்தாள். தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு, எந்திரிங்க." தொண்ணூறு கிலோ ஆள், பஞ்சு மூட்டை மாதிரி எழுந்து நின்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க நர்ஸா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"இப்ப நீங்க கிளம்பிப் போகணும்" என்றார் டிரைவர், மறுபடி படுத்துக்கொண்டு. "செருப்பு போட்டுக்கிட்டு, கதவுகிட்ட போய் நில்லுங்க. நான் கூப்பிடறப்ப சத்தம் பண்ணுங்க."

அவள் கதவருகே போனாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. திரும்பிப் பார்த்தாள். மாமியார் எழுந்துவிட்டார். கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். இடுப்பில் கை வைத்து, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஜன்னல் வரை நடந்து போய், கீழே டயர் கடைக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

அவளும் சிரித்தாள். ஒன்பது மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"செருப்புச் சத்தம் அக்கா, செருப்புச் சத்தம்!"

இரண்டு தடவை காலைத் தட்டினாள். டிரைவர் பாய்ந்து போய் பெஞ்சில் விழுந்தார். கைக்குட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கீச்சுக் குரலில் அழுதார்.

"என்னை விட்டுடும்மா! என்னை விட்டுடும்மா!"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியும்!" காவலாளி எழுந்து நின்றார். "புட் ஆன் ஆன் ஆக்ட்! இல்லாததை இருக்கிற மாதிரி நடிக்கிறது!"

கைதட்டினார்கள். அவள் டிரைவரிடம் கையை நீட்டினாள்.

"அந்தச் சீட்டைக் குடுங்க."

நாத்தனாரின் கையெழுத்து. அம்மா ஸ்பூனால் கட்டில் கம்பியில் மூன்று முறை தட்டுகிறார். மருமகள் வந்து தூக்குகிறாள். மருமகள் வெளியே போனதும் அம்மா எழுந்து ஜன்னல் வரை நடக்கிறார். செருப்புச் சத்தம் கேட்டதும் படுத்துக்கொண்டு 'என்னை விட்டுடும்மா' என்கிறார். கீழே, எல்லாச் சீட்டிலும் போடுவதுபோல, ஒரு வார்த்தை: 'நடந்தது.'

"இது எங்க நடந்ததாம்?"

"மிஸ்ஸோட பக்கத்து வீட்டுல" என்றார் டிரைவர். "அந்த மருமக பாவம், வேலையை எல்லாம் விட்டுட்டு உக்காந்திருக்காம். என்ன கண்றாவி பாருங்க!"

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஷோ மஸ்ட் கோ ஆன், அதாவது என்ன ஆனாலும் ஆட்டம் நிற்கக்கூடாது: மருமகளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே மாமியாரைக் குளிப்பாட்டினாள். ஸ்டீல் த ஷோ, அதாவது எல்லோர் பார்வையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது: மருமகளின் பிறந்தநாளன்று மாமியாருக்கு வலி அதிகமாகிவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மாமியார் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டப்பாவில் இருந்தவை பதினொரு சீட்டுகள். அதில் ஏழு அவள் வீடு.

அவள் எழுந்தாள். கண்ணாடியை டப்பாவின் மேல் வைத்தாள்.

"மிஸ் வந்தா குடுத்துடுங்க. அவங்க தம்பி பொண்டாட்டி வந்து நல்லா நடிச்சுட்டுப் போனான்னு சொல்லுங்க."

நிலைமை புரியாமல் பின்வரிசையிலிருந்து ஒருவர் பலகையைப் பார்த்துப் படித்தார். "பிரேக் எ லெக், சிஸ்டர்!"

"அப்படின்னா?"

"கால் உடையட்டும்னு அர்த்தம்ங்க. மேடை ஏறப் போறவங்களுக்குச் சொல்ற வாழ்த்தாம்."

"யார் கால்னு சொல்லல பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.

*

ஆஸ்பத்திரி வலது பக்கம். வீடு இடது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பினாள்.

மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு மாடி வெறுங்காலோடு ஏறினாள். பாதி வழியில் ஒரு நப்பாசை வந்தது. நாத்தனார் வேறு யாரையாவது பார்த்து எழுதியிருக்கலாம். ஸ்பூன் எல்லா வீட்டிலும் உண்டு. சாவியைத் துணியில் சுற்றிச் சத்தமில்லாமல் திருப்பினாள். நடுங்குகிற நோயாளியை அசையாமல் பிடித்துப் படம் எடுத்துப் பழகிய கை.

மாமியாரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

மாமியார் நின்றுகொண்டிருந்தார். வலது காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, குனிந்து, நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உடம்பின் மொத்த எடையும் இடது காலில். முறிந்த கால். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கப்பட்டிருந்தது.

"இல்லக்கா, அப்படியேதான் இருக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு அடி எடுத்து வைக்க முடியல. உயிர் போகுது."

நகம் வெட்டி டிக், டிக் என்றது. கால் ஆடவில்லை. எக்ஸ்ரேக்காரி அந்தக் காலை மட்டும் பார்த்தபடி மூன்று விரல் நகம் முடியும்வரை நின்றாள்.

"அந்தக் கால் முடிஞ்சுதுன்னா இன்னொரு கால் இருக்கு அத்தை. நான் வெட்டி விடவா?"

போன் விழுந்தது. மாமியார் கட்டிலில் சரிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா" என்றார்.

"அது வலது கால். உடைஞ்சது இடது."

கை அவசரமாக இடம் மாறியது. பாதி வழியில் நின்றது.

கீழே கிடந்த போனில் மாமியாரின் அக்கா "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரி குனிந்து எடுத்தாள். "பெரியம்மா, உங்க தங்கச்சிக்குக் கால் சரியாயிடுச்சு. அப்புறம் பேசுவாங்க" என்று சொல்லி அணைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

மாமியார் அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை. முகத்திலிருந்து நோயாளி கழன்று விழுந்து, உள்ளேயிருந்து பழைய ஆள் வெளியே வந்தார்.

"சரி, நடக்கறேன். அதுக்கென்ன இப்போ? ஜெயில்ல போடுவியா?"

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"கட்டுப் பிரிச்ச அன்னியிலேருந்தே. நீதானே சொன்னே? வலியைப் படம் எடுக்க முடியாதுன்னு. சரி டாக்டர், நடக்கறேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கிட்டே. அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

பதினோரு வருஷப் பாடம். அதை வைத்தே ஆறு மாதம் அவளை வேலை வாங்கியிருக்கிறார்கள்.

"ஆறு மாசம்" என்றாள். "ஆறு மாசம் உங்களை நான் கழுவி விட்டிருக்கேன் அத்தை. நடக்கத் தெரிஞ்ச ஆளை."

"கத்தாதே."

"நான் கத்தல. நீங்க தட்டினீங்களே ராவும் பகலும், அதை விட மெதுவாத்தான் பேசறேன்."

"உனக்கென்ன தெரியும்?" மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு காலிலும் நேராக. "கால் உடையறதுக்கு முன்னால இந்த வீட்டுல எனக்கு என்ன இருந்துச்சு? நீ ஆஸ்பத்திரி, அவன் லிஃப்ட்டு, அவ கிளாஸு. காலையில எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினா ராத்திரி எட்டு மணிக்குத்தான் மனுஷ முகம். கால் உடைஞ்சப்புறம்தான் ஒரு தட்டு தட்டினா ஒரு ஆள் வந்துச்சு."

"தனியா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேலையை விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

கேள்வியில் நியாயம் இருந்தால் கோபம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது? அவள் ஸ்பூனை எடுத்தாள். ஒரு கணம் அதை என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி கட்டிலோரம் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றாள். "இனிமே தட்டினா நான் வரமாட்டேன்."

*

மிஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. தாயார் நிற்பதைப் பார்த்தார். தம்பி மனைவி கையில் செருப்போடு நிற்பதைப் பார்த்தார். விஷயம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எப்ப பாத்தீங்க அண்ணி?"

"நாலு மாசம் இருக்கும். ஒரு நாள் கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சு வந்தேன். ஸ்டூல் மேல ஏறி ஃபேன் துடைச்சிட்டிருந்தாங்க."

"ஃபேனா?" எக்ஸ்ரேக்காரி மாமியார் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஃபேன் சுத்தமா இருக்கே, யார் துடைச்சதுன்னு கேட்டேன். அண்ணின்னு சொன்னீங்க. நான் அண்ணிக்கு நன்றி சொன்னேன்." மறுபடி மிஸ் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பரவாயில்லன்னீங்க."

மிஸ் தரையைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான்..."

"நடந்ததைச் சொல்லுங்க அண்ணி. கற்பனை வேண்டாம்."

அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொன்னா நீ மறுநாளே வேலைக்குப் போயிடுவே. பகல்ல இவங்களோட உக்காந்திருக்க ஆள் யாரு? நான்தான். எனக்கு இந்த ஒரு கிளாஸ்தான் இருக்கு. அதை விட எனக்கு மனசில்ல. போதுமா?"

"என் வேலையை நான் விடலாம். உங்க கிளாஸை நீங்க விடக்கூடாது."

"ஆமா. அப்படித்தான் நெனச்சேன். தப்புதான்."

"நெனச்சதோட விட்டீங்களா? எழுதி டப்பாவுல போட்டு, ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நடிச்சுக் காட்டக் குடுத்திருக்கீங்க. என்கிட்ட சொல்ல வாய் வரல. டாக்ஸி டிரைவருக்குச் சொல்ல வாய் வந்துச்சு."

"உள்ள வெச்சுக்க முடியலடி. எங்கயாவது இறக்கி வைக்கணும் போல இருந்துச்சு. நீ அங்க வருவேன்னு கண்டேனா?"

"நடந்ததை எழுதினாத்தான் மனசுல நிக்கும்னு சொல்வீங்கல்ல? நிக்குது அண்ணி. சாகற வரைக்கும் நிக்கும்."

மாமியார் இடையில் நுழைந்தார். "அவளை எதுக்குத் திட்டறே? அவ என்ன பண்ணினா?"

"நீங்க பேசாதீங்கம்மா!" என்று மிஸ் கத்தினார். "எல்லாம் உங்களால. ஒரு காலை வெச்சுக்கிட்டு வீட்டையே ஆட்டி வெச்சீங்க!"

"ஆமாண்டி, நான் ஆடினேன். நீ உக்காந்து கைதட்டினே!"

தாயும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். எக்ஸ்ரேக்காரி கேட்டுக்கொண்டு நின்றாள். இந்தச் சண்டையில் தன் பெயரே வரவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் இரண்டு பேரும் யார் அதிகம் குற்றவாளி என்று அடித்துக்கொள்கிறார்கள். தூக்கியவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்றாள். இரண்டு பேரும் நிறுத்தினார்கள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றார் மிஸ்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எக்ஸ்ரேக்காரி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

"என்னடி, உன் மாமியார் கால் சரியாயிடுச்சா?" என்றார் சூப்பர்வைசர், பாரத்தை நீட்டியபடி.

"சரியாகி ஆறு மாசம் ஆச்சாம் மேடம். எனக்குத்தான் யாரும் சொல்லல."

சூப்பர்வைசர் சிரிக்கலாமா என்று யோசித்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலை ஏழு மணி முதல் ஷிஃப்ட். கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அதைக் கவனித்தார்.

"படு. ஒரு படம் எடுத்துடலாம். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பதினோரு வருஷத்தில் அந்த மேசையில் அவள் எத்தனையோ பேரைப் படுக்க வைத்திருக்கிறாள். சில்லென்று இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்வாள். இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

திரையில் படம் வந்தது. போன வருஷம் ஊழியர் பரிசோதனையில் எடுத்த படத்தையும் சூப்பர்வைசர் பக்கத்தில் போட்டார். பழையதில் முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருந்தது. புதியதில், கீழே ஓரிடத்தில், இரண்டு எலும்புகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டிருந்தன.

"எதைத் தூக்கினே?"

"நடக்கத் தெரிஞ்ச ஒருத்தங்களை."

படத்தை அச்செடுத்து உறையில் போட்டு வாங்கிக்கொண்டாள்.

*

வீடு திரும்பும்போது ஆறரை மணி. மிஸ் கூடத்தில் சீட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். மாமியார் அறைக்குள் படுத்திருந்தார். இவள் ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியில் படத்தை ஒட்டினாள். சாயங்கால வெளிச்சம் அதன் வழியாக வந்தது. முள்ளெலும்பு முழுக்கத் தெரிந்தது.

"என்னது இது?" என்றார் மிஸ்.

"என் இடுப்பு. அந்தக் கீழ் எலும்பைப் பாருங்க. அடுத்த சீட்டுக்கு ஆகும். நடந்ததுதான்."

மிஸ் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். இவள் அவரைத் தேற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கட்டில் கம்பியில் ஸ்பூன்.

டக். டக். டக்.

அவள் கால் தரையில் அழுந்தியது. எழவில்லை. மிஸ்ஸும் எழவில்லை.

மறுபடி மூன்று. இந்தத் தடவை பலமாக. பிறகு இன்னும் மூன்று. பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. லிஃப்ட்காரன் வந்தான். வழக்கம்போல் கருவிப் பையை நடையின் நடுவில் தொப்பென்று போட்டான். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். "லெட்டர் குடுத்தியா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள், உள்ளே ஸ்பூன் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கட்டில் முனகியது. பிறகு காலடிச் சத்தம். பிடிமானம் இல்லாத, தயங்காத, சாதாரணக் காலடி. மாமியார் அறையைவிட்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு, குளியலறையை நோக்கி நடந்தார்.

ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்த தாய் மகன் கண்ணெதிரே நடந்து வருகிறாள். எந்த மகனும் துள்ளி எழுவான். "அம்மா!" என்று கத்துவான். குறைந்தபட்சம் ஷூவை விடுவான்.

லிஃப்ட்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் கயிற்றை அவிழ்த்தபடியே, மறு கையை நீட்டி, அம்மாவின் கால் தடுக்காமல் இருக்க, கருவிப் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான்.

ஒன்பது மாதம் அவள் சொல்லி நகராத பை.

மாமியார் கடந்து போனார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. அவன் இன்னொரு ஷூவுக்குக் கையைக் கொண்டுபோனான். வீட்டில் யாருமே பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தலையைத் தூக்கினான்.

அவன் மனைவி அவனைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.